பொம்மைக் காரைப் போர்மேசையில் நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினியேச்சர் வீரர்களை வைத்து மேசையில் போர் ஆடுகிறவர்கள் கூடும் இடங்களில், வீரர்களைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் யாராவது ஒருவர் மேசையில் நிற்கும் காரைக் காட்டி ‘இது எங்க வாங்கினீங்க?’ என்பார். பொம்மைக் கடையில் என்றதும் சந்தேகங்கள் வரிசையாக வரும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். நவீன காலத் தெருச்சண்டை, உலகம் அழிந்த பிறகான கதைகள், 28 மி.மீ. உருவங்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். மற்ற அளவுகளும் இடையிடையே வரும்.

மேசையில கட்டடம், சுவர், மரம் எல்லாம் இருக்கே. கார் எதுக்கு?

ஒரு நகரத் தெருவைக் கட்டிவிட்டு அதில் வண்டியே இல்லாமல் ஆடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கட்டடம், நடுவில் வெறும் சாலை. அந்தச் சாலையின் ஒரு முனையில் இயந்திரத் துப்பாக்கியை வைத்தவர் பாதி ஆட்டத்தை வென்றுவிடுவார். எதிராளி சாலையைக் கடக்கவே முடியாது. கட்டடம் பார்வையை முழுதாக மறைக்கும், குட்டைச்சுவர் இடுப்பு வரை மறைக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள உயரத்தைத் தருவது வண்டிகள்தான்.

இன்னொரு வசதி, கார்களை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேறு இடத்தில் நிறுத்தலாம். அதே நான்கு கட்டடங்களும் புதுத் தெருவாகிவிடும். அதனால் காரை வேடிக்கைப் பொருளாக நினைக்க வேண்டாம். யார் எங்கே ஒளியலாம், எந்த வழியாக ஓடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அளவு, உயரம், நிறுத்தும் இடம் பற்றிக் கீழே இவ்வளவு பேசுவதும் அதனால்தான்.

பொம்மைக் கார் வச்சா சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியாதா?

சின்னஞ்சிறு உலோக வண்டிகள் பெயர் வாங்கியதே காட்சிப் பொருளாகத்தான். லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1933-இல் சில குட்டி வண்டிகளை வெளியிட்டது. தன் ஹார்ன்பி பொம்மை ரயில்களின் ஓரத்தில் நிறுத்தி வைக்கத்தான் அவற்றைச் செய்தது. அடுத்த ஆண்டு அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. நாம் செய்வது அதே வேலைதான்.

பொம்மை போலத் தெரிவதற்குக் காரணம் பளபளப்பு. வீரர்கள் மேட் நிறத்தில், அதாவது பளபளப்பில்லாமல், சேறும் நிழலுமாக இருக்க, பக்கத்தில் வண்டி மட்டும் மின்னினால் கண் உறுத்தும். மேட் வார்னிஷ் ஒரு கோட் அடித்தாலே பாதி உறுத்தல் போய்விடும்.

28 மி.மீ. உருவத்துக்கு எந்த ஸ்கேல் கார் சரி? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

ஒவ்வொருவரும் ஒன்று சொல்வதில் நியாயம் உண்டு. 28 மி.மீ. என்பது பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரையிலான உயரம். சிலர் உச்சந்தலை வரை அளப்பார்கள். கண் உயரம் 1.6 மீட்டர் என்று வைத்தால் கணக்கு 1/57-க்கு வரும், அதாவது நிஜத்தின் 57-இல் ஒரு பங்கு. அதனால்தான் இந்த அளவுக்கென்றே மாடல் செய்பவர்கள் 1/56 வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் வீரர்களின் தலையும் கையும் துப்பாக்கியும் நிஜத்தைவிடப் பருமன். போதாக்குறைக்கு 3 மி.மீ. அடித்தட்டின் மேல் நிற்கிறார்கள். அதனால் பக்கத்தில் நிற்கும் கார் கணக்கைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் கண்ணுக்குப் பொருந்தும்.

அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் நீளம் சுமார் 4.3 மீட்டர், உயரம் சுமார் 1.6 மீட்டர். 1/64-இல் அது 67 மி.மீ. நீளம், 25 மி.மீ. உயரம். 1/56-இல் 77-க்கு 28. 1/43-இல் 100-க்கு 37. வீரனின் கண் மேசையிலிருந்து சுமார் 31 மி.மீ. உயரத்தில் இருக்கும். 1/64 காருக்குப் பின்னால் நின்றால் தலையும் தோளும் வெளியே தெரியும். 1/43 காருக்குப் பின்னால் ஆளே தெரியாது. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறைவு பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

என் தேர்வைக் கேட்டால், 1/43-க்கும் 1/50-க்கும் இடைப்பட்ட கார்கள். 1/64-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. 3 மி.மீ. அட்டை மேல் ஒட்டினால் அதுவும் வீரனுக்குச் சமமான தரையில் நிற்கும். ஜீப், வேன், பிக்கப் போன்ற உயரமான வண்டிகள் 1/64-இலும் நன்றாகவே பொருந்தும். தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் 1/64-இல் வீரனின் செருப்பு போலத் தெரியும்.

ஒரே கம்பெனி, ஒரே சைஸ் பாக்கெட். கார் சரியா இருக்கு, பஸ் மட்டும் ஏன் குட்டியா இருக்கு?

விலை மலிவான சிறு வண்டிகள் பலவற்றில் முதலில் முடிவாவது பாக்கெட்டின் அளவு. வண்டியை அதற்குள் அடக்குவார்கள். மேட்ச்பாக்ஸ் (தீப்பெட்டி) என்ற பொம்மைக் கார்களின் பெயரே அப்படி வந்ததுதான். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால், தன் மகளுக்காக ஒரு குட்டி ரோடு ரோலர் செய்தார். 1953-இல் அந்த வரிசை விற்பனைக்கு வந்தது.

லண்டனின் ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்து நிஜத்தில் 8.4 மீட்டர். அதை 75 மி.மீ.க்குள் அடக்கினால் 1/112 ஆகிவிடும். பக்கத்துக் கொக்கியில் தொங்கும் கார் 1/64-ஆக இருக்கலாம். ஆகவே கார், பிக்கப், ஜீப் இவற்றைச் சிறிய பாக்கெட்டிலும், லாரி, பஸ், தீயணைப்பு வண்டி இவற்றைப் பெரிய பெட்டியிலும் தேடுங்கள்.

பெட்டியில ஸ்கேலே போடலைன்னா கடையில நின்னுக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பழைய வீரன் ஒருவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெட்டி மூடியிருந்தாலும் பிளாஸ்டிக் முகப்பின்மேல் வைத்துப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய இடம் கதவு. கைப்பிடி வீரனின் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். அந்தக் கதவு வழியாக இவன் குனிந்து உள்ளே போக முடியும் என்று நம்ப முடிகிறதா என்று பாருங்கள். கதவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கணக்குப் போட விரும்பினால், நிஜ வண்டியின் நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்துப் பொம்மையின் நீளத்தால் வகுத்தால் ஸ்கேல் வந்துவிடும். மலிவுப் பொம்மைகளில் நீளம் ஒரு ஸ்கேலும் அகலம் வேறு ஸ்கேலுமாக இருப்பதுண்டு. அதனால் கணக்கைவிடச் சட்டைப்பை வீரனையே நம்புங்கள்.

நான் ஆடறது 15 மி.மீ., நண்பர் 20 மி.மீ. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

15 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1/100. மேலே சொன்ன ‘குட்டிப் போன’ பஸ்ஸும் லாரியும் உங்களுக்குத்தான் லாபம். 28 மி.மீ. ஆட்கள் ஒதுக்கிவிட்டுப் போவதை நீங்கள் அள்ளலாம். 20 மி.மீ. உருவங்களுக்கு 1/72, 1/76 வண்டிகள். 1/76 பிரிட்டிஷ் ரயில் மாடல்காரர்களின் அளவு என்பதால் ரயில் மாடல் கடைகளில் கார்கள் கிடைக்கும். ஆனால் அவை காட்சிக்குச் செய்தவை, விலையும் கூடுதல்.

எங்கே வாங்கலாம்? எந்த மாதிரி வண்டியா எடுக்கணும்?

ஃபேன்சி ஸ்டோர், சூப்பர் மார்க்கெட்டின் பொம்மை அடுக்கு, திருவிழாக் கடை, பழைய பொருள் விற்கும் இடம், எல்லாமே சரி. பிரிட்டனில் இருப்பவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளும், ஞாயிற்றுக்கிழமை கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்கும் சந்தைகளும் பெரிய சுரங்கம். பெயின்ட் உரிந்த, கீறல் விழுந்த வண்டியைத் தயங்காமல் எடுங்கள். அந்தக் கீறலை நாமேதான் பிறகு போடப்போகிறோம்.

சாதாரண வண்டிகளைத் தேடுங்கள். தெருவில் நிற்பவை ரேஸ் கார்கள் அல்ல. பழைய செடான், டெலிவரி வேன், டாக்சி, டெம்போ, குப்பை லாரி. கற்பனை வடிவ வண்டிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தெருவின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். சென்னை மாதிரி ஒரு தெருவைக் கட்டுகிறீர்கள் என்றால், பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் இந்தியப் பிளாஸ்டிக் பொம்மைகளில் ஆட்டோ, அம்பாசிடர், அரசுப் பேருந்து எல்லாம் உண்டு. ஆட்டோ மேசைக்கு மிகப் பொருத்தம். நிஜத்தில் சுமார் 2.6 மீட்டர்தான் என்பதால் 1/43-இலும் சுமார் 60 மி.மீ.தான் வரும். சந்து வாசலை அடைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை.

உலோகமா, பிளாஸ்டிக்கா?

இரண்டும் ஆகும். உலோகம் கனம், ஆட்டத்தில் கை பட்டாலும் நகராது. பிளாஸ்டிக்கை வெட்டலாம், கதவைத் திறந்தபடி ஒட்டலாம், கூரையை நசுக்கலாம்.

பிளாஸ்டிக்கில் ஒரு எச்சரிக்கை. தொட்டால் மெழுகு போல வழுக்கும் மென்மையான பிளாஸ்டிக்கில் பெயின்டும் ஒட்டாது, சூப்பர் க்ளூவும் நிற்காது. சந்தேகமாக இருந்தால், அடியிலிருந்து ஒரு சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்குங்கள். மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன், தொல்லை. மூழ்கினால் ஏபிஎஸ்ஸோ பாலிஸ்டைரீனோ ஆக இருக்க வாய்ப்பு அதிகம், நன்றாக ஒட்டும், நன்றாகப் பெயின்ட் பிடிக்கும்.

ஆடும்போது கார் உருண்டுக்கிட்டே இருக்கு. என்ன பண்றது?

ஓர் அங்குல நகர்வு ஆட்டத்தின் முடிவையே மாற்றும் விளையாட்டில் உருளும் மறைவிடம் இருக்கக் கூடாது. சக்கரமும் அச்சும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. அவ்வளவுதான். முன் சக்கரத்தைச் சற்றுத் திருப்பி ஒட்ட முடிந்தால் இன்னும் அழகு, ஓட்டுநர் அவசரமாக இறங்கி ஓடிய கதை அதில் வந்துவிடும்.

பின்னால் இழுத்துவிடும் பொம்மையில் அடியிலுள்ள ஸ்குரூவைக் கழற்றி ஸ்பிரிங் பெட்டியை எடுத்துவிடுங்கள். இடமும் கிடைக்கும், உள்ளே இருக்கைக்கும் வழி பிறக்கும்.

எல்லாத்துக்கும் பெயின்ட் அடிக்க நேரமில்ல. குறைஞ்சபட்சம் என்ன செஞ்சா போதும்?

மூன்று வேலை. அடர் பழுப்பு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து வண்டி முழுக்கத் தடவி, ஒரு நிமிடம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். கதவு இடுக்குகளிலும் கிரில்லிலும் நிறம் தங்கிவிடும். அடுத்து, சக்கரங்களுக்கும் கீழ்ப்பாதிக்கும் மண் நிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிடுங்கள். கடைசியாக மேட் வார்னிஷ். ஒரு மாலையில் ஒரு தெருவுக்கான வண்டிகளை முடித்துவிடலாம், ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் குறையே தெரியாது.

பழைய பெயின்டை முழுசா உரிக்கணுமா?

தேவையில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பசை நீக்கி, நைசான உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். பெயின்ட் தடித்துக் கதவுக் கோடுகளே தெரியாமல் போயிருந்தால் மட்டும் உரியுங்கள். உலோக உடலுக்கு அசிட்டோன் போதும். ஆனால் பிளாஸ்டிக் பாகம் எதிலும் அது பட்டால் உருகிவிடும், எனவே முதலில் வண்டியைப் பிரிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

மிகப் பழைய பொம்மைகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டுகளில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற சட்ட வரம்பே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பொருளை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, தூளைத் துணியில் துடைத்து எறிந்து, கையைக் கழுவிவிடுங்கள்.

சின்ன உலோகக் காருக்கு ஸ்குரூவே இல்லையே, எப்படிப் பிரிக்கறது?

அடியில் வட்டமாக இரண்டு பொட்டுகள் தெரியும். அவை ரிவெட். உடலிலிருந்து இறங்கும் தூணின் தலையை அழுத்திப் பரப்பியிருப்பார்கள். 3 மி.மீ. டிரில் பிட்டை நடுவில் வைத்து மெதுவாக ஓட்டி, அந்தப் பரப்பிய தலை மட்டும் போகும்வரை துளையிட்டால் அடிப்பாகம் தானாகக் கழன்று வரும். முதலில் ஆணியால் நடுவில் ஒரு குழி தட்டிக்கொண்டால் பிட் வழுக்காது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துருவல் கண்ணில் தெறிக்கும். ஆழமாகப் போய்விடாதீர்கள், தூண் மிச்சமிருந்தால்தான் திரும்ப ஒட்டலாம்.

காட்சிக்கான வண்டி என்பதால் மறுபடி மாட்டச் சூப்பர் க்ளூ போதும். ஆனால் ஜன்னல் பக்கமாக அதை விடாதீர்கள். அதன் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளையாகப் படிந்துவிடும்.

பிரைமர் அடிச்சதும் மாவு பூத்த மாதிரி வெள்ளையாயிடுச்சே, ஏன்?

பிரைமர் என்பது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அது வெளுக்கக் காரணம் காற்றின் ஈரம். ஸ்ப்ரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரத்தைப் பெயின்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே வேலை வேண்டாம். வெயில் ஏறிய, உலர்ந்த நாளில் அடியுங்கள், அல்லது தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறுங்கள். கார் டிங்கரிங் பட்டறைகளுக்குப் பெயின்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும் பிரைமர் உலோகத்தில் அருமையாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் என்றால் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு அடியுங்கள்.

உலோகத்தில் பிரைமரைத் தவிர்க்கவே கூடாது. தவிர்த்தால் விளிம்புகளில் கை பட்டுப் பட்டுப் பெயின்ட் தேய்ந்து வெள்ளி நிறம் வெளியே வந்துவிடும்.

துரு நிஜமாத் தெரியணும்னா எப்படிப் பண்றது?

முதலில் நிஜத் துருவைப் பாருங்கள். காவல் நிலையத்தை ஒட்டிப் பறிமுதல் வண்டிகள் வருடக்கணக்கில் நிற்குமே, அவற்றைவிட நல்ல பாடம் கிடையாது. கூரையும் பானட்டும் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். துரு அங்கே அதிகம் இருக்காது. தண்ணீர் தங்கும் இடத்தில்தான் இருக்கும்: மட்கார்டு வளைவு, கதவின் கீழ்விளிம்பு, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், கூரை ஓரத்துக் கால்வாய். அங்கிருந்து பழுப்புக் கோடுகள் கீழே வழிந்திருக்கும். வைப்பரின் பின்னால் வேப்பிலைச் சருகு சேர்ந்து மண்ணாகியிருக்கும். டயர் அமர்ந்து, பம்பருக்குள்ளிருந்து செடி முளைத்திருக்கும். இவற்றில் இரண்டைச் செய்தாலே வண்டி நம்பும்படி ஆகிவிடும்.

செய்முறைக்கு நம்பகமானது உப்பு. பிரைமரின்மேல் அடர் பழுப்பு அடித்து, அங்கங்கே ஸ்பாஞ்சால் செம்மஞ்சள் ஒற்றி, ஒரு கோட் வார்னிஷ் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். துரு வேண்டிய இடங்களில் மட்டும் தூரிகையால் தண்ணீர் தொட்டு வைத்து, உப்பைத் தூவுங்கள். தூளுப்பு சிறு பொரிவுகளைத் தரும். கல்லுப்பை லேசாக நசுக்கிக் கலந்தால் பெரிய திட்டுகளும் வரும், ஒரே அளவில் இல்லாததுதான் அழகு. உப்பு காய்ந்து ஒட்டியதும் காரின் நிறத்தை மெல்லிய கோட்டுகளாக ஸ்ப்ரே செய்யுங்கள். அதுவும் காய்ந்த பிறகு, பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்தால் உப்பு கழன்று, அதன் இடத்தில் துரு எட்டிப்பார்க்கும். ஓடும் தண்ணீரில் முழுசாகக் கழுவிவிடுங்கள், மிச்ச உப்பு பின்னால் வெள்ளையாகப் பூக்கும்.

பெயின்டைச் சுரண்டி உலோகத்தை வெளியே காட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இந்தப் பொம்மைகள் துத்தநாகக் கலவை. இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெறும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும்.

எரிஞ்ச காருக்கு முழுக்கக் கறுப்பு அடிச்சா போதுமா?

முழுக் கறுப்பு அடித்தால் கறுப்புக் காராகத்தான் தெரியும். நிஜமாக எரிந்த காரில் பெயின்ட் போய்விடுவதால் தகடு திறந்து கிடக்கும், சில நாளிலேயே செம்மஞ்சள் துரு ஏறிவிடும். சூடு அதிகமாக இருந்த இடம் சாம்பல் வெள்ளை. ஜன்னல் ஓரங்களில் மட்டும் மேல்நோக்கிக் கரி. எனவே வெளிர் சாம்பல், செம்மஞ்சள், கரி என்ற வரிசையில் திட்டுத்திட்டாகப் போடுங்கள். கண்ணாடி எதுவும் இருக்கக் கூடாது. டயரும் எரிந்திருக்கும், ஆகவே சக்கரத்தைச் சீவி, வண்டி வெறும் ரிம்மின்மேல் தரையோடு அமர்ந்திருப்பது போல ஒட்டுங்கள். உயரம் சற்றுக் குறையும், மறைவும் குறையும், ஆட்டத்துக்கு அதுவும் ஒரு வகை.

ஜன்னல் கண்ணாடி கறுப்பா, உள்ள ஒண்ணுமே தெரியலை. பரவாயில்லையா?

பரவாயில்லை. கருநீலம் அடித்து, அந்த இடத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் போடுங்கள். மேட் வண்டியில் கண்ணாடி மட்டும் மின்னுவது நிஜம் போலவே இருக்கும். உடைந்த கண்ணாடி வேண்டுமென்றால், பொம்மை வந்த பாக்கெட்டின் தெளிந்த பிளாஸ்டிக்கையே முக்கோணத் துண்டுகளாக வெட்டிச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டலாம்.

அடியில காந்தம் வச்சு ஸ்டீல் தட்டுல நிறுத்தலாம்னு பார்த்தேன். கார்ல காந்தமே ஒட்டலை?

மேலே சொன்ன துத்தநாகம்தான் காரணம், அது காந்தத்துக்குப் பிடிபடாது. காந்தத்தை வண்டியின் அடியிலேயே க்ளூ போட்டு ஒட்டிவிடுங்கள், ஸ்டீல் தட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தட்டு இல்லாமல் பெட்டியில் காந்த ஷீட் விரித்திருந்தால், காரின் அடியில் இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டுங்கள்.

ஆட்டத்துல காருக்குப் பின்னால நிக்கிறவனுக்கு எவ்வளவு மறைவு கொடுக்கணும்?

விதிப்புத்தகம் எதுவானாலும், முதல் பகடை உருட்டும் முன் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் இந்தப் பேச்சு வந்தால் சண்டைதான்.

நிஜத்தில் கார்க் கதவு ரைஃபிள் குண்டைத் தடுக்காது. தடுப்பது இன்ஜினும் சக்கரங்களும்தான். இதை அப்படியே விதியாக வைத்தால் ஆட்டம் சுவையாகும்: பானட் பக்கம் நிற்பவனுக்குக் கனத்த மறைவு, கதவுக்கும் டிக்கிக்கும் பின்னால் நிற்பவனுக்கு லேசான மறைவு. ஒரே காரில் இரண்டு வகை இடம். வீரனை எங்கே நிறுத்துவது என்று எதிராளி ஒரு நிமிடம் யோசிப்பார். எரிந்த கூட்டுக்கு எல்லாப் பக்கமும் லேசான மறைவு மட்டும்.

வீரனின் கண்மட்டத்திலிருந்து பார்த்து யார் யாருக்குத் தெரிகிறார் என்று முடிவு செய்யும் விதிகளில் உயரக் கணக்கு முக்கியம். முதலில் பார்த்தபடி 1/64 செடான் தோளை வெளியே விடும், 1/43 ஆளையே விழுங்கும். 1/43 வண்டிகள் நிறைந்த தெருவில் சுடுபவர்களுக்குக் குறி கிடைக்காது, நெருங்கிப் போரிடும் அணி வென்றுவிடும். சமன் செய்ய, உயரமான வேனும் தாழ்ந்த காருமாகக் கலந்து நிறுத்துங்கள்.

எத்தனை வண்டி வைக்கலாம்? எப்படி நிறுத்தணும்?

நான்கடிக்கு நான்கடி மேசைக்கு ஆறு முதல் எட்டு வரை என் கைக்குப் பிடித்த எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் வாகன நிறுத்துமிடம் ஆகிவிடும், உங்கள் கதையே வாகன நிறுத்துமிடத்தில் நடந்தால் தவிர.

இரண்டு வண்டிக்கு நடுவே வீரனின் அடித்தட்டு நுழைய வேண்டும். 25 மி.மீ. தட்டு என்றால் 30, 32 மி.மீ. தட்டு என்றால் 40 மி.மீ. இடைவெளி விடுங்கள். வேண்டுமென்றே அடைக்க விரும்பினால் முழுசாக ஒட்டி நிறுத்துங்கள். நுழைய முடியுமா முடியாதா என்று தோன்றும் அரைகுறை இடைவெளிதான் தகராறு. மனிதர்கள் நிறுத்துவது போலவும் நிறுத்துங்கள்: ஓரமாக இரண்டு, பாதி நடைபாதையில் ஏறி ஒன்று, சாலையின் குறுக்கே கதவு திறந்தபடி ஒன்று.

இரண்டாம் உலகப் போர் ஆடறேன். பொம்மைக் கார்ல ஏதாவது தேறுமா?

தேறும், காலத்தைக் கவனித்தால். பிரான்ஸ் களத்துக்கு 1934-இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவான் மிகப் பொருத்தம், 1/43-இல் எளிதில் கிடைக்கும். ஜாக் ஓடெல் 1980-களில் தன் பெயரைத் திருப்பிப் போட்டுத் தொடங்கிய லெடோ நிறுவனத்தின் பழைய கால வேன்கள் பிரிட்டனின் பழம்பொருள் சந்தைகளில் மலிவு. ஸ்கேல் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும், சட்டைப்பை வீரனை மறக்காதீர்கள். அம்பாசிடரை இந்தக் களத்தில் நிறுத்தாதீர்கள். அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையே 1950-களின் வண்டி.

ஜீப் பொம்மை வாங்கினால் முன் கிரில்லின் கீற்றுகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்பது. போருக்குப் பிந்தைய பொதுமக்கள் ஜீப்புக்கு ஏழு, முகப்பு விளக்கும் பெரிது. பொம்மையில் ஏழு இருந்தால், கிரில்லின்மேல் மறைப்புத் துணி கட்டியது போல, பிசைந்து ஒட்டும் மாடல் புட்டியை வைத்து மறைத்துவிடலாம்.

பச்சைக் கலர் பிளாஸ்டிக் டாங்க் பொம்மைகளைப் பயன்படுத்தலாமா?

சண்டையிடும் டாங்காகச் சிரமம். எந்த டாங்க் என்றே சொல்ல முடியாத வடிவில் இருக்கும். சிதைந்த டாங்காக அருமை. கோபுரத்தைச் சாய்த்து வைத்து, ஒரு பக்கச் சங்கிலியைக் கழற்றித் தரையில் விரித்து, எரிந்த நிறம் அடித்துவிட்டால் எந்த ரகம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மிதக்கும் பிளாஸ்டிக்கா என்று மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள்.

கார் சும்மா நிக்காம, அதுவே சண்டை போடற ஆட்டம் இருக்கா?

இருக்கிறது. 2017-இல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட காஸ்லேண்ட்ஸ் என்ற ஆட்டம் ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் அளவு கார்களுக்கென்றே எழுதப்பட்டது. காரில் துப்பாக்கியும் தகடும் ஒட்டி ஓட்டிச் சண்டையிடலாம். 28 மி.மீ. மேசைக்குச் சிறியதாகிப்போன ரேஸ் கார்களையும் கற்பனை வண்டிகளையும் அங்கே கொண்டுபோங்கள். சக்கரத்தை ஒட்டிய வண்டியும் ஆகும், அந்த ஆட்டத்தில் பாதையின் வடிவில் வெட்டிய அட்டை வார்ப்புருவை வைத்துத்தான் நகர்த்துவார்கள்.

பழைய பொம்மை ஒண்ணு கிடைச்சிருக்கு. பெயின்ட் அடிச்சா மதிப்பு போயிடுமா?

போகலாம். அடியில் உள்ள எழுத்தைப் படிக்காமல் டிரில்லை எடுக்காதீர்கள். டயரில் சிவப்புக் கோடு உள்ள 1968 முதல் 1977 வரையிலான ஹாட் வீல்ஸ், பழைய டிங்கி, டிங்கியின் அச்சுகளைக் கொண்டு இந்தியாவில் வார்க்கப்பட்ட நிக்கி டாய்ஸ், இவற்றையெல்லாம் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் கொடுத்து, வரும் பணத்தில் ஒரு தெருவுக்கான வண்டிகளை வாங்கலாம்.

போருக்கு முந்தைய பொம்மை உடலெங்கும் விரிசல் விட்டு, தொட்டால் உதிர்கிறதா? துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் வரும் சிதைவு அது. பசை போட்டு நிறுத்த முடியாது, பக்கத்து வண்டிக்குத் தொற்றவும் செய்யாது. அதை இடிபாட்டுக் குவியலில் வைத்துவிடுங்கள்.

என் பையனோட பழைய கார்களை எடுத்துக்கலாமா?

அவனிடம் கேளுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவனே பிரித்துத் தரட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தங்கள் கார் துருப்பிடித்த வண்டியாக மாறுவதைப் பார்ப்பது பெரிய ஆனந்தம், ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்தால் உங்களைவிட நன்றாகச் சேறு பூசுவார்கள். ஆனால் பெயின்டும் வார்னிஷும் கண்ணாடித் துண்டுகளும் ஏறிய வண்டி திரும்பப் பொம்மைப் பெட்டிக்குப் போகக் கூடாது. வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

1/43-உம் 1/64-உம் ஒரே மேசையில கலந்து வைக்கலாமா?

வைக்கலாம், அடுத்தடுத்து நிறுத்தாத வரை. ஒரே ரகக் காரை இரண்டு அளவில் வைத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வேறு வேறு ரகமாக இருந்தால், சிறியதைச் சிறிய கார் என்றே கண் ஏற்றுக்கொள்ளும். சிறியவற்றை மேசையின் ஓரங்களிலும், வேலிக்குப் பின்னாலும், வீரர்கள் அதிகம் போகாத மூலைகளிலும் நிறுத்துங்கள். சண்டை நடக்கும் நடுச்சாலைக்குப் பெரியவை. லாரி, பஸ் மட்டும் காரைவிட ஒரு படி சிறிய ஸ்கேலில் இருந்தாலும் உறுத்தாது. முழு அளவு பஸ் மேசையில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், பலர் அதைத் தெரிந்தேதான் சிறிதாக வாங்குகிறார்கள்.